தண்ணீர் தேங்கிய ரோட்டில் கார்: "டயரில் பாதி வரை போகலாம்" என்பது சரியா?

மழைநிலா:

வணக்கம். நான் கார் ஓட்டத் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். வாரத்தில் மூன்று நாள் அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன். வழியில் பள்ளமான ஒரு இடம், அதைத் தாண்டினால் ஒரு ரயில்வே சுரங்கப்பாதை. மழை பெய்தால் இரண்டிலும் தண்ணீர் நின்றுவிடும்.

போன வாரம் சிகிச்சை முடிந்து திரும்பும்போது நல்ல மழை. பள்ளத்தில் தண்ணீர் நின்றது. எனக்கு முன்னால் போன பஸ் நிற்காமல் இறங்கியது. பஸ்ஸே போகிறதே என்று நானும் பின்னாலேயே இறங்கிவிட்டேன். பாதி வழியில் பஸ் கிளப்பிவிட்ட அலை பானெட்டில் வந்து அடித்தது. காலுக்குக் கீழே சளசளவென்று சத்தம். அப்போது காரின் பின்பக்கம் தானாக இடது பக்கம் நகர்ந்தது. நான் ஸ்டியரிங்கைத் திருப்பவே இல்லை. பின்சீட்டில் சாய்ந்து படுத்திருந்த அப்பா, "என்னம்மா, வழுக்குதா?" என்றார். இரண்டு மூன்று வினாடிதான். அப்புறம் டயர் தரையைப் பிடித்தது, மேலே ஏறிவிட்டோம். ஆனால் அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதித்தால் கார் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. உயிரைக் கொடுத்து அழுத்திய பிறகுதான் நின்றது.

அத்தான் இருபது வருடமாகக் கார் ஓட்டுகிறார். "டயரில் பாதி முங்கும்வரை தாராளமாகப் போகலாம். ஆக்சிலரேட்டரை மட்டும் விடாதே. விட்டால் சைலன்சர் வழியாகத் தண்ணீர் இன்ஜினுக்குள் ஏறிவிடும். இடையில் எங்கேயும் நிற்காதே" என்கிறார். அவர் அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பின்பக்கம் நகர்ந்த அந்த இரண்டு வினாடியை என்னால் மறக்க முடியவில்லை.

உண்மையில் எவ்வளவு ஆழம் வரை போகலாம்? நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால் என்ன செய்வது? தண்ணீரில் போய் வந்த பிறகு காரில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? டயாலிசிஸ் என்பதால் இன்று மழை, நாளை போகலாம் என்று என்னால் இருக்க முடியாது. அதனால்தான் கேட்கிறேன்.

நாலுவழி:

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பஸ்ஸைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பஸ் டயர் சுமார் ஒரு மீட்டர் உயரம். அதில் கால்வாசி நனைந்தாலே 25 செ.மீ. தண்ணீர் என்று அர்த்தம். உங்கள் காருக்கு அது வயிற்றைத் தாண்டிய ஆழம். பஸ் டிரைவர் தன் வண்டிக்குச் சரியாகத்தான் கணக்குப் போட்டிருப்பார், நமக்காகப் போட்டிருக்க மாட்டார். எதிரில் பெரிய வண்டி வந்தால் அது கடந்து, அலை அடங்கும்வரை மேட்டிலேயே நில்லுங்கள். மீதியைப் பட்டறைக்காரர்கள் யாராவது சொல்லட்டும்.

பழைய பட்டறை:

சகோதரி, 26 வருடமாக வண்டி வேலை செய்கிறேன். நீங்கள் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த இரண்டு வினாடி. உங்கள் கார் வழுக்கவில்லை, மிதக்கத் தொடங்கியிருக்கிறது.

காரை ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஹேட்ச்பேக் ஏறக்குறைய 3.7 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம் இருக்கும். சக்கரம் இருக்கும் இடம், வளைவு நெளிவு எல்லாவற்றையும் கழித்து அடிப்பரப்பு ஐந்து சதுர மீட்டர் என்று குறைத்தே வைப்போம். தண்ணீர் அடித்தகட்டைத் தொட்ட பிறகு, அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் சுமார் 500 கிலோ எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். ஆட்களோடு சேர்த்து உங்கள் கார் 1,000, 1,100 கிலோ வரும். அப்படியென்றால் அடித்தகட்டுக்கு மேல் இருபது செ.மீ. ஏறினாலே மொத்தக் காரும் மிதக்கும். உள்ளே தண்ணீர் கசியும் என்பது உண்மைதான். ஆனால் ரப்பர் பீடிங் நன்றாக இருக்கிற காரில் அது மெதுவாகத்தான் கசியும், மிதப்பதற்கு அதற்குள் நேரம் கிடைத்துவிடும்.

இப்போது "டயரில் பாதி" என்ற கணக்கைப் பாருங்கள். 165/80 ஆர்14 என்பது இந்த மாதிரி கார்களில் பரவலாக இருக்கும் டயர். அதன் மொத்த உயரம் 62 செ.மீ., பாதி 31. காரின் அடிப்பாகம் தரையிலிருந்து 17 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்றால், டயர் பாதி முங்கும்போது தண்ணீர் அடித்தகட்டுக்கு மேல் 14 செ.மீ. ஏறியிருக்கும். அதாவது 700 கிலோ எடை டயரிலிருந்து போய்விட்டது. ரோட்டைப் பிடித்திருப்பது மிச்சமிருக்கும் முந்நூறு சொச்சம் கிலோதான். அதுவும் இன்ஜின் முன்னால் இருப்பதால் முன்சக்கரம் கொஞ்சம் அழுந்தி நிற்கும், பின்சக்கரம்தான் முதலில் தூக்கும். உங்கள் காரின் பின்பக்கம் நகர்ந்தது இதனால்தான். பஸ் அலை வந்து அடித்த நேரத்தில் பின்டயரில் எடையே இல்லை.

ஆகவே அத்தான் சொல்வது பெரிய ஜீப்புகளுக்குப் பொருந்தும், உங்கள் காருக்குப் பொருந்தாது. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்ற வண்டியை 900 மி.மீ. தண்ணீரில் இறங்கலாம் என்று சொல்லியே செய்கிறார்கள், காற்றை உயரத்திலிருந்து இழுக்கும்படி குழாயை அமைக்கிறார்கள். நம் வண்டி அப்படிச் செய்ததல்ல.

இது நின்ற தண்ணீருக்கான கணக்கு. ஓடும் தண்ணீர் வேறு ஜாதி. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஓடும் தண்ணீர் 30 செ.மீ. இருந்தாலே சின்ன கார்கள் பலவற்றை அடித்துக்கொண்டு போகும், 60 செ.மீ. என்றால் ஜீப், பிக்கப் எல்லாம் போய்விடும் என்று அமெரிக்க தேசிய வானிலைச் சேவை பல வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ரோட்டை அறுத்துக்கொண்டு குறுக்கே தண்ணீர் ஓடினால் கணக்கே போடாதீர்கள். திருப்பிவிடுங்கள். அடியில் ரோடு இருக்கிறதா என்பதே தெரியாது.

என் பட்டறைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்லும் அளவு இதுதான். ரிம்மின் கீழ் விளிம்பைத் தண்ணீர் தொடும் அளவு, அதாவது 12, 13 செ.மீ. என்றால் மெதுவாகப் போகலாம். காரின் வயிற்றைத் தொடும் என்று தெரிந்தால் போகாதீர்கள். நடுவில் இருக்கும் மூன்று நான்கு செ.மீ. உங்களுக்கானது அல்ல, எதிரில் வருகிறவன் கிளப்பும் அலைக்கானது.

ஆழத்தைப் பார்ப்பது எப்படி? நடைபாதையின் ஓரக்கல் பெரும்பாலும் 15 செ.மீ. உயரம் இருக்கும். அது கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அந்த ஓரத்தில் 15 செ.மீ.க்கு மேல் நிற்கிறது. தண்ணீர் வடிவதற்காக ரோட்டை நடுவில் உயர்த்தித்தான் போடுவார்கள். ஏழு மீட்டர் அகல ரோட்டில் ஓரத்தைவிட நடுப்பகுதி ஏழெட்டு செ.மீ. உயரமாக இருக்கும். அதனால் போவதென்றால் நடுவில் போங்கள், எதிரில் வண்டி இல்லாதபோது போங்கள். ஓரத்தில் தண்ணீர் சுழித்தாலோ குமிழி விட்டாலோ அங்கே மூடி திறந்த பாதாளச் சாக்கடை இருக்கலாம். காரிலும் போகாதீர்கள், நடந்தும் போகாதீர்கள்.

அப்புறம் சுரங்கப்பாதை. இதில் எனக்கு ஒரே பதில்தான், தண்ணீர் நின்றால் போகக்கூடாது. ரோடு ஐந்து சதவீதம் சரிகிறது என்று வையுங்கள். பத்து மீட்டர் உள்ளே போனால் ஆழம் 50 செ.மீ. கூடிவிடும். நுழையும் இடத்தில் கணுக்கால் அளவுதான் தெரியும். பத்து மீட்டர் என்பது மூன்று கார் நீளம் கூட இல்லை.

இனி இன்ஜின் விஷயம். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

என் மேஜையில் ஒரு கனெக்டிங் ராடு கிடக்கிறது. சிலிண்டருக்குள் மேலும் கீழும் போகும் பிஸ்டனையும், அந்த அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டையும் இணைக்கும் இரும்பு, சாண் நீளம்கூட இருக்காது, பிடித்தால் கனமாக இருக்கும். கையால் வளைக்க யாராலும் முடியாது. அது வில் மாதிரி வளைந்திருக்கிறது. பல வருடம் முன்பு ஒரு மழை ராத்திரியில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் தண்ணீரில் நின்றுபோன காரிலிருந்து போன் செய்தார். "ஒரு தடவை செல்ஃப் அடித்துப் பாருங்கள்" என்று சொன்னது நான்தான். அவர் அடித்தார். "டக்" என்று ஒரு சத்தம் வந்ததாம், அதோடு சரி. மறுநாள் இன்ஜினைப் பிரித்து அந்த ராடை வெளியே எடுத்தபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து அது என் மேஜையிலேயே இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் கையில் முதலில் அதைத்தான் கொடுப்பேன்.

நடப்பது இதுதான். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. 1,200 சிசி, நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. பத்துக்கு ஒன்று என்று அழுத்தும் இன்ஜினில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் சுமார் 33 சிசிதான். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் போதும், அந்த இடம் நிறைந்துவிடும். அதற்கு மேல் பிஸ்டனால் ஏற முடியாது, ஆனால் கிராங்க் தள்ளிக்கொண்டே இருக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட ராடு வளைகிறது. டீசல் இன்ஜினில் இந்த இடம் இன்னும் சிறியது.

இந்தத் தண்ணீர் சைலன்சர் வழியாக வருவதில்லை. அத்தான் மட்டுமல்ல, நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். முப்பது செ.மீ. தண்ணீரின் அழுத்தம் காற்றழுத்தத்தில் மூன்று சதவீதம்தான். ஓடுகிற இன்ஜினின் புகை அதைச் சாதாரணமாகத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும், ஐட்லிங்கில்கூட. தண்ணீர் வருவது முன்பக்கம், இன்ஜின் காற்றை இழுக்கும் வாய் வழியாக. பல கார்களில் அது கிரில்லுக்குப் பின்னால், ஹெட்லைட் பக்கத்தில்தான் இருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தி வேகமாகப் போனால் கார் தானே ஒரு அலையை எழுப்பி, அதை அந்த வாய்க்குள் தானே ஊற்றிக்கொள்ளும். இன்ஜின் வேகம் கூடக் கூட இழுப்பும் கூடும். "ஆக்சிலரேட்டரை விடாதே" என்பதை "ஏறி மிதி" என்று புரிந்துகொண்டு எத்தனை இன்ஜின் போயிருக்கிறது தெரியுமா.

சரி, ரிம் விளிம்பு அளவுத் தண்ணீரில் போயே ஆக வேண்டும் என்றால் இப்படிப் போங்கள். இறங்கும் முன்பே ஏசியை அணைத்துவிடுங்கள். ஏசி ஓடினால் ரேடியேட்டர் ஃபேனும் ஓடும். அது தண்ணீரில் அடித்தால் இலை வளையும், இன்ஜின் அறை முழுக்கத் தண்ணீரை இறைக்கும். முதல் கியரைப் போடுங்கள். மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் இறக்கி, அப்புறம் ஒரு ஆள் நடக்கும் வேகத்தில், ஐந்தாறு கிலோமீட்டரில், ஒரே சீராகப் போங்கள். நடுவில் கியர் மாற்ற வேண்டாம். முன்னால் போகும் வண்டி முழுக்க மேடேறிய பிறகுதான் நீங்கள் இறங்க வேண்டும். அது நடுவில் நின்றால் நீங்களும் நிற்க வேண்டியிருக்கும். நிற்கக் கூடாது என்று அத்தான் சொன்னது ரொம்பச் சரி. ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கி வையுங்கள், மழை உள்ளே அடித்தாலும் பரவாயில்லை. போகும்போது தண்ணீர் நினைத்ததைவிட அதிகமாகத் தெரிந்தால் வந்த வழியே ரிவர்ஸில் மெதுவாகத் திரும்பி வாருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடிக்கட்டும்.

நின்றுவிட்டால் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு தடவைகூட வேண்டாம். சாவியை எடுத்துவிட்டு அப்பாவோடு இறங்கி மேட்டுக்குப் போய்விடுங்கள். காரை அப்புறம் நியூட்ரலில் தள்ளியோ இழுத்தோ கொண்டுவரலாம். பட்டறையில் நாங்கள் முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத்தான் திறப்போம். உள்ளே காகிதம் காய்ந்திருந்தால் பாதி நிம்மதி. நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுத்தான் இன்ஜினைச் சுற்றுவோம், தண்ணீர் அந்த ஓட்டை வழியாகப் பீறிட்டு வெளியே வரும். அந்த நிலையில் வந்த கார்கள் பெரும்பாலும் பிழைத்துவிடும். ராடு லேசாக வளைந்தும் இன்ஜின் ஸ்டார்ட் ஆவது உண்டு. ஆனால் சில வாரம் கழித்து ராடு ஒடிந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனால் "ஸ்டார்ட் ஆகிவிட்டது, ஒன்றும் இல்லை" என்று விட்டுவிடக் கூடாது.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் போனால் சாதாரண பாலிசிகள் பலவற்றில் பணம் வராது. உங்கள் பாலிசியை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

மீட்புப்பணி ஓய்வு:

பட்டறைக்காரர் இன்ஜினைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன். தீயணைப்பு மீட்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன்.

தண்ணீரில் கார் நின்றதும் பலர் உள்ளேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். வெளியே மழை, உள்ளே பாதுகாப்பு என்ற எண்ணம். நான் இறங்கிய ஒரு சுரங்கப்பாதையில் ஒருவர் கண்ணாடியெல்லாம் ஏற்றிய காருக்குள் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நாங்கள் போனபோது தண்ணீர் கதவுக் கைப்பிடிக்கு மேல் வந்துவிட்டது. கதவைத் திறக்க அவரால் முடியவில்லை, வெளியிலிருந்து எங்களாலும் முடியவில்லை. பவர் விண்டோவும் வேலை செய்யவில்லை. பக்கக் கண்ணாடியை உடைத்துத்தான் எடுத்தோம். பிழைத்துக்கொண்டார். நாங்கள் பத்து நிமிடம் தாமதமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

ஒரு மீட்டர் அகலக் கதவில் அடியிலிருந்து 60 செ.மீ. உயரத்துக்கு வெளியே தண்ணீர், உள்ளே இல்லை என்றால் கதவை அழுத்தும் மொத்த விசை சுமார் 180 கிலோ எடைக்குச் சமம். அதனால் கதவோடு மல்லுக்கட்டாதீர்கள். சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள். கண்ணாடியை இறக்குங்கள். வெளியே வாருங்கள். குழந்தைகள் இருந்தால் அவர்களை முதலில் வெளியே விடுங்கள். போன் பேசுவதெல்லாம் வெளியே வந்த பிறகுதான். கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், ஆட்களோடு கார்களைத் தண்ணீரில் இறக்கிப் பல தடவை சோதித்தவர். அவர் சொல்வதும் இந்த வரிசைதான். ஆழமான தண்ணீரில் விழுந்த காரில் இதற்குக் கிடைப்பது ஒரு நிமிடம்தான் என்கிறார்.

முன்கண்ணாடியை உடைக்க முயற்சி செய்யாதீர்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது அது, விரிசல் விடும், வழிவிடாது. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் டெம்பர்டு, கூர்முனையால் மூலையில் குத்தினால் பொடிப்பொடியாக உதிரும். ஆனால் சில புதிய கார்களில் பக்கக் கண்ணாடியும் ஒட்டியதாகவே வருகிறது. கண்ணாடியின் மூலையில் எது என்று எழுதியிருக்கும், இன்றைக்கே போய்ப் பாருங்கள். ஸ்பிரிங் வைத்த சின்னக் கண்ணாடி உடைப்பான் கிடைக்கிறது. அதை டிரைவர் கை எட்டும் இடத்தில் மாட்டி வையுங்கள். டிக்கியில் கிடந்தால் எந்த உபயோகமும் இல்லை.

உங்கள் அப்பா சிகிச்சை முடிந்து வரும்போது சோர்ந்திருப்பார். ஜன்னல் வழியாக அவரால் தானாக ஏறி வர முடியுமா என்பதை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கான ஆழத்தை அவரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், காரை வைத்து அல்ல.

மின்கார் மணி:

எங்களிடம் எலெக்ட்ரிக் கார் இருப்பதால் அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், படிப்பவர்களில் யாருக்காவது உதவும். காற்று இழுக்கும் வாய் இல்லை, அதனால் இன்ஜின் பிரச்சினை இல்லை என்பது உண்மைதான். பேட்டரிக்கு ஐபி67 என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் தைரியமாக இறங்குகிறார்கள். அதன் அர்த்தம், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துச் சோதித்தபோது உள்ளே தண்ணீர் போகவில்லை என்பது. மூன்று நான்கு வருடம் ஓடி, அடியில் கல் பட்டு நசுங்கிய பேட்டரிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. மிதக்கும் விஷயத்தில் எல்லாக் காருக்கும் ஒரே கணக்குதான். முங்கிய காரைச் சார்ஜில் போடாதீர்கள், வீட்டை ஒட்டியும் நிறுத்தாதீர்கள். 2022இல் இயன் சூறாவளிக்குப் பிறகு ஃபுளோரிடாவில் கடல்நீரில் முங்கிய எலெக்ட்ரிக் கார்கள் நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன.

ஆட்டோமேட்டிக் கியர் வைத்திருப்பவர்கள் டி-யில் போகாமல் எல் அல்லது மேனுவலில் 1 என்று போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் அது தானாக மேல் கியருக்கு மாறாது.

மழைநிலா:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு தடவை படித்தேன். மிதந்தது என்று படித்தபோது கை நடுங்கியது. எனக்கு வழுக்கியது மாதிரிதான் தோன்றியது.

நேற்று ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்க் காரை அளந்தேன். ரிம் விளிம்பு 12 செ.மீ., அடிப்பாகம் ரொம்பத் தாழ்வான இடத்தில் 16. ஒரு குச்சியில் 12இல் பச்சை டேப்பும் 16இல் சிவப்பு டேப்பும் சுற்றி முன்சீட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு மின்கம்பம் இருக்கிறது. மழை இல்லாத நேரத்தில் போய், ரோட்டின் நடுவில் 12 செ.மீ. நின்றால் கம்பத்தில் எதுவரை வரும் என்று அத்தானை வைத்தே அளந்து, அங்கே ஒரு கோடு போட்டுவிட்டோம். இனி மேட்டில் நின்றபடியே பார்த்துக்கொள்ளலாம். அத்தான் இங்கே எழுதியதை முழுக்கப் படித்தார். "ராடு விஷயம் எனக்குத் தெரியாது" என்றார். குச்சியில் டேப் சுற்றியதும் அவர்தான்.

மீட்புப்பணி ஐயா, அப்பாவால் ஜன்னல் வழியாக வர முடியாது. நீங்கள் கேட்ட பிறகுதான் அதை யோசித்தேன். சிகிச்சை மையத்தில் பேசினேன். கனமழை எச்சரிக்கை இருந்தால் முதல் நாளே கூப்பிட்டால், இடம் இருந்தால் முன்கூட்டியே வரச் சொல்கிறேன் என்றார்கள். சுரங்கப்பாதை வேண்டாம் என்று முடிவு செய்தாயிற்று. மேம்பாலம் வழியாகச் சுற்றினால் 25 நிமிடம் கூடுதலாகும், ஆகட்டும்.

பட்டறை அண்ணா, ஒரு சந்தேகம். அன்றைக்குப் பிறகு கார் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் பின்சீட்டுக்குக் கீழே ஈர வாடை வருகிறது. காலையில் முதலில் எடுக்கும்போது பின்பக்கம் "டக்" என்று விட்டு நகர்கிறது. இதற்கும் அந்தத் தண்ணீருக்கும் சம்பந்தம் உண்டா?

பழைய பட்டறை:

உண்டு சகோதரி. அந்தக் கோடு போட்டது நல்ல வேலை, இந்த யோசனை எனக்கே தோன்றியதில்லை.

காலையில் கேட்கும் "டக்" பின்பக்க டிரம் பிரேக். உள்ளே ஈரம் தங்கி, ராத்திரி ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தும்போது பிரேக் ஷூ, அதாவது டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் கட்டை, டிரம்மோடு ஒட்டிக்கொள்கிறது. டிரம்மைக் கழற்றிச் சேற்றைத் துடைத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், அரை மணி நேர வேலைதான். இனி தண்ணீரில் போய் வந்த ராத்திரியில் ஹேண்ட் பிரேக் போடாமல், சமதரையில் முதல் கியரில் நிறுத்தி டயருக்குக் கல் வையுங்கள். அன்று சிக்னலில் பிரேக் பிடிக்காமல் போனதும் ஈரத்தால்தான். தண்ணீரிலிருந்து ஏறிய உடனே, பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக ஓட்டியபடியே நான்கைந்து தடவை பிரேக்கை லேசாக மிதித்து விடுங்கள். அந்தச் சூட்டில் காய்ந்துவிடும். பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு வேகத்தைக் கூட்டுங்கள்.

வாடையை விடாதீர்கள். மேலே கார்ப்பெட் காய்ந்திருக்கும், அதற்குக் கீழே இருக்கும் ஸ்பாஞ்ச் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கையால் அழுத்திப் பார்த்தால் தெரியும். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி வெயிலில் போட வேண்டும். தரையில் வட்டமான ரப்பர் மூடிகள் இருக்கும், அவற்றை எடுத்தால் தேங்கியது வடிந்துவிடும். சீட்டுக்கு அடியில் போகும் வயர் கனெக்டர்களையும் காய வையுங்கள். மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்தால் உடனே பார்க்க வேண்டும்.

இன்னொன்று கியர் ஆயில். சூடான கியர்பாக்ஸ் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் முங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், அந்த இழுப்பில் காற்றுத் துளை வழியாகத் தண்ணீரும் உள்ளே போய்விடும். ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. கொஞ்சம் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை, அதாவது டிப்ஸ்டிக்கையும் எடுத்துப் பாருங்கள், ஆயில் வெளுத்திருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் எனக்கு எழுதுங்கள்.

மழைநிலா:

அண்ணா, இன்று எல்லாம் பார்த்தாயிற்று. டிப்ஸ்டிக் சுத்தம், ஏர் ஃபில்டரும் காய்ந்துதான் இருந்தது. கார்ப்பெட்டைத் தூக்கியதும் அடியிலிருந்து ஒரு மக் தண்ணீர் வந்தது. கியர் ஆயில் இறக்கியபோது நானும் குனிந்து பார்த்தேன். ஆயில் மாதிரியே இல்லை, மோர் மாதிரி வெளுத்துப்போய் வழிந்தது. புது ஆயில் ஊற்றிவிட்டார்கள். இது போதுமா?

பழைய பட்டறை:

போதாது. மூலை முடுக்கில் ஒட்டிய தண்ணீர் இன்னும் இருக்கும். ஒரு 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடியும் இறக்கச் சொல்லுங்கள். அது தெளிவாக வந்தால் சரி, லேசாக வெளுத்திருந்தால் மூன்றாவது தடவையும் மாற்ற வேண்டியதுதான். பின்சக்கரத்திலிருந்து உறுமல் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே இருங்கள், பேரிங் போவதாக இருந்தால் இந்த ஒன்றிரண்டு மாதத்தில்தான் தெரியும். இரண்டாவது தடவை ஆயில் என்ன நிறத்தில் வந்தது என்று இங்கேயே எழுதுங்கள்.